குறுக்கு இல்லாத மலை

1996இல் 'டாகர்ஃபால்' என்று ஒரு கம்ப்யூட்டர் கேம் வந்தது. அமெரிக்காவின் பெத்தெஸ்டா கம்பனி செய்தது. அதன் வரைபடம் கிட்டத்தட்ட பிரித்தானியத் தீவு அளவு என்று சொன்னார்கள். நம்ம முழு இலங்கையையும் தூக்கி உள்ளே வைத்தால் ஒரு மூலையில் போய் உட்காரும். ஊர், கோயில், நிலவறை என்று சுமார் 15,000 இடங்கள். இத்தனையையும் மனிதர் கையால் செய்ய முடியாதே, அதனால் பெரும்பகுதியைச் சூத்திரங்களை வைத்து கம்ப்யூட்டரே உருவாக்கியது. விளைவு என்ன? ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நடந்து போக யாருக்கும் மனசு வரவில்லை. வரைபடத்தில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து நேரே அங்கே போய் இறங்கினார்கள், வேலையை முடித்தார்கள், அடுத்த புள்ளி.

2017இல் நின்டெண்டோ வெளியிட்ட 'செல்டா: ப்ரெத் ஒஃப் த வைல்ட்' அதோடு ஒப்பிட்டால் ஒரு மாவட்டம் கூட வராது. அதன் இயக்குநர் ஹிதேமாரோ ஃபுஜிபயாஷி கியோட்டோக்காரர். தனக்குக் காலால் பழகிய கியோட்டோ நகரத்தின் வரைபடத்தை வைத்துத்தான், ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு எவ்வளவு தூரம் இருந்தால் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அந்த கேமை ஆடியவர்களிடம் பேசிப் பாருங்கள். "அந்த மேட்டுக்குப் பின்னால ஒரு குளம் இருக்குமே" என்று ஊர்க்காரர் மாதிரிப் பேசுவார்கள்.

ஆக, ஓபன் வேர்ல்ட் கேம் ஒன்றை நல்ல கேம் ஆக்குவது பரப்பளவு இல்லை. பிறகு என்ன? ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா பக்கம் வளர்ந்த ஒருவருக்கு இந்தக் கேள்விக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பதில் தெரியும் என்பது என் கட்சி. காரணம், நாம் ஒரு வரைபடத்துக்குள்ளே பிறந்தவர்கள். அந்த வரைபடத்தை வரைந்தவன் நம்மை நினைத்து வரையவில்லை.

முதலில் கேம் பக்கத்து வரலாறு கொஞ்சம். விரும்பிய திசையில் போகலாம் என்கிற யோசனை புதிதல்ல. 1984இல் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 'எலைட்' என்ற விண்வெளி கேமை எழுதினார்கள். எட்டு விண்மீன் கூட்டங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்மண்டலங்கள், இன்று நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு போட்டோ அளவு கூட இல்லாத நினைவகத்துக்குள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் விண்வெளியில் பாதை என்று ஒன்று இல்லை, எல்லாத் திசையும் ஒன்றே. நிலம் வேறு மாதிரி. நிலத்தில் மேடு இருக்கு, பள்ளம் இருக்கு, ஒன்று இன்னொன்றை மறைக்கும்.

அதை முதலில் சரியாகப் பிடித்தவர் ஷிகேரு மியாமோட்டோ. அவர் வளர்ந்தது கியோட்டோவுக்குப் பக்கத்தில் சோனோபே என்ற மலைசூழ்ந்த சிற்றூரில். சிறுவயதில் காடு மேடெல்லாம் சுற்றியபோது ஒருநாள் ஒரு குகை வாயிலைக் கண்டாராம். உடனே உள்ளே போகப் பயம். பிறகு ஒரு விளக்கோடு திரும்பி வந்து உள்ளே போனார். இந்தக் கதையை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1986இல் வந்த முதல் 'செல்டா'வைத் திறந்தால் முதல் திரையிலேயே ஒரு கறுப்புப் பொந்து தெரியும். யாரும் "உள்ளே போ" என்று சொல்வதில்லை. போனால் ஒரு கிழவர் மரவாள் ஒன்று தருவார். போகாமலும் ஆட்டத்தைத் தொடரலாம். மொத்த நிலமும் 128 திரைகள்தான்.

முப்பது வருசம் கழித்து 'ப்ரெத் ஒஃப் த வைல்ட்' குழு இதையே ஒரு விதியாக எழுதி வைத்துக்கொண்டது. 2017இல் ஜப்பானில் நடந்த கேம் தயாரிப்பாளர் மாநாடு ஒன்றில் அதை விளக்கினார்கள். முக்கோண விதி என்று சொல்லலாம். நிலத்தில் எங்கு பார்த்தாலும் முக்கோண வடிவில் மேடுகளை வைப்பது. முக்கோணம் கண்ணுக்கு எதிரே நின்றால் இரண்டு கேள்வி வரும்: ஏறிப் போவதா, சுற்றிப் போவதா? மூன்றாவதாக, அதன் பின்னால் என்ன இருக்கு என்று தெரியாது. ஏற ஏற, சுற்றச் சுற்ற, மறைந்திருந்தது கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகாட்டும்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மஸ்கெலியாக்காரன் ஒருவனிடம் கேட்டிருந்தால் மாநாடு வைக்காமலே சொல்லியிருப்பான். சிவனொளிபாதமலை 2,243 மீற்றர் உயரம், நம்ம நாட்டின் மிக உயர்ந்த மலை அல்ல. பிதுருதலாகலை அதைவிட உயரம், 2,524 மீற்றர். ஆனால் நாலா பக்கமும் இருந்து பார்க்கிறவன் கண்ணைப் பிடித்து இழுப்பது சிவனொளிபாதம்தான், ஏனென்றால் அது சுத்தமான முக்கோணம். பிதுருதலாகலை நுவரெலியாவின் முதுகில் பெரிய மேடாகக் கிடக்கிறது. உச்சியில் ஒளிபரப்புக் கோபுரமும் பாதுகாப்பும், நினைத்த நேரத்துக்கு நடந்து ஏற முடியாது. கேமில் 'கண்ணுக்குத் தெரியாத சுவர்' என்பார்களே, அது நுவரெலியாவில் கண்ணுக்குத் தெரிந்தே இருக்கிறது. சிவனொளிபாதத்துக்கோ மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சீசன். நல்லதண்ணிப் பக்கம் ஐயாயிரத்துச் சொச்சம் படிகள். இரவில் தூரத்திலிருந்து பார்த்தால் படி நெடுகிலும் எரியும் விளக்குகள் வானத்துக்கு ஒரு கோடு போட்ட மாதிரி இருக்கும். எந்த கேமின் வழிகாட்டிக் குறியும் அதற்குக் கிட்ட வராது.

மறைப்பதும் காட்டுவதும் என்று பேசும்போது பனிமூட்டத்தை விட முடியாது. 2004இல் வந்த 'ஜீடிஏ: சான் அன்ட்ரியாஸ்' நம்மில் பலருக்கு முதல் ஓபன் வேர்ல்ட். கம்ப்யூட்டர் வகுப்பு என்று சொல்லிவிட்டுப் போய் ஆடியவர்கள் கையைத் தூக்குங்கள். அது முதலில் ஓடிய பிளேஸ்டேஷன் 2இன் நினைவகம் 32 எம்பி. மூன்று நகரம், பாலைவனம், ஒரு பெரிய மலை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வரைய அந்த மெஷினால் முடியாது. அதனால் தூரத்தை எல்லாம் புகைமூட்டத்தால் மூடினார்கள். வசதிக் குறைவுக்குப் போட்ட ஒட்டுத்தான். ஆனால் அந்த மூட்டத்தால்தான் ஒரு நகரத்திலிருந்து அடுத்த நகரத்துக்குப் போவது ஒரு பயணமாகத் தோன்றியது. 2021 நவம்பரில் அதே கேமைப் புதுப்பித்து வெளியிட்டபோது, புதிய மெஷின்களுக்குச் சக்தி இருக்கிறதே என்று மூட்டத்தை எடுத்துவிட்டார்கள். மலை உச்சியில் நின்று பார்த்தால் மூன்று நகரமும் ஒரே பார்வையில், பொம்மை ஊர் மாதிரி! ஆடியவர்கள் கொதித்தார்கள். கடைசியில் 2024இல் பழைய ஒளியையும் மூட்டத்தையும் திருப்பிக் கொடுக்கிற அப்டேட் ஒன்று வந்தது. நானுஓயாவில் காலை ஆறு மணிக்கு நின்று பார்த்திருந்தால் அந்த மூட்டத்தில் கை வைத்திருக்க மாட்டார்கள்.

இனி இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன்: பாதை.

தோட்டத்தில் இரண்டு வகைப் பாதை உண்டு என்பது நமக்குத் தெரியும். ஒன்று ரோடு. வளைந்து வளைந்து, ஒரு லயத்திலிருந்து அடுத்த லயத்துக்குப் போக மலையை முழுசாகச் சுற்றும். மற்றது குறுக்கு. தேயிலைக்கு நடுவே, கானைத் தாண்டி, கல்லைப் பிடித்து, நேரே இறங்கும். ரோட்டில் முக்கால் மணித்தியாலம் என்றால் குறுக்கில் பத்து நிமிசம். ரோடு ஏன் அப்படி வளைகிறது? அது மனிதன் நடப்பதற்காக வெட்டப்பட்டதில்லை. முதலில் மாட்டு வண்டி, பிறகு லொறி, இவை சுமையோடு ஏறக்கூடிய சரிவுக்கு வெட்டியது. 1820களில் கம்பளைப் பக்கம் கோப்பி தொடங்கிய காலத்திலிருந்து மலைநாட்டில் வெட்டிய பாதைகளை எல்லாம் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரே பக்கம் இழுக்கும்: மலையிலிருந்து ஸ்டோருக்கு, ஸ்டோரிலிருந்து ஸ்டேசனுக்கு, ஸ்டேசனிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்கு. கொழும்பு-கண்டி ரயில் 1867இல், கோப்பிக்காக. அதே 1867இல்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்டார். இரண்டே வருசத்தில், 1869இல், கோப்பி இலையில் நோய் விழுந்தது, கோப்பி மெல்ல மெல்ல அழிந்தது. ரயில் 1885இல் நானுஓயாவுக்கு வந்து சேர்ந்தபோது அதில் இறங்கத் தேயிலை தயாராகிக்கொண்டிருந்தது. இன்றைக்கு இன்ஸ்டாகிராமில் கதவில் தொங்கிக்கொண்டு படம் எடுக்கிற அந்த ரயில் பெட்டி இறக்கவும் அரிசி ஏற்றவும் போட்ட பாதை.

குறுக்கை யாரும் திட்டமிடவில்லை. பெரட்டுக்குப் பிந்தினால் வேலை இல்லை என்று ஓடியவர்களின் காலும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் காலும், மருந்துக்குப் போனவர்களின் காலும் சேர்ந்து போட்டது. அதனால் ஒவ்வொரு குறுக்குக்கும் ஒரு காரணம் இருக்கும். இது பணிய லயத்துக்கும் கோயிலுக்கும், அது பீலிக்கும் மேட்டு லயத்துக்கும் என்று. காரணமே இல்லாத குறுக்கைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு மழைக்குள் தேயிலை மூடிவிடும்.

நல்ல ஓபன் வேர்ல்டுக்கும் மோசமானதுக்கும் இருக்கிற வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன். மோசமான கேமில் ரோடு மட்டும்தான் இருக்கும். தயாரித்தவன் நினைத்த இடத்துக்கு, அவன் நினைத்த வழியில், அவன் வைத்த புள்ளிகளைப் பொறுக்கிக்கொண்டு போக வேண்டும். நல்ல கேம் நம்மைக் குறுக்குப் போட விடும். மலையைப் பார்த்து "இப்படி ஏறினால் என்ன?" என்று கேட்க வைக்கும், ஏறினால் தடுக்காது. அதைவிட முக்கியம், நமக்கு முன்னால் அங்கே வாழ்ந்தவர்களும் குறுக்குப் போட்டிருப்பார்கள் என்பதற்குத் தடயம் வைத்திருக்கும்.

இந்த 'புள்ளி பொறுக்கல்' எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு 2007இல் வந்த 'அசாசின்ஸ் க்ரீட்'டின் கைங்கரியம். உயரமான கோபுரத்தில் ஏறு, சுற்றிப் பார், உடனே சுற்றுவட்டாரம் முழுவதும் வரைபடத்தில் நிரம்பும், செய்யவேண்டிய வேலைகள் குறிகளாக முளைக்கும். பிறகு ஒரு பத்து வருசம் கேம் கம்பனிகள் எல்லாம் இதையே கொப்பி அடித்தன. உயரத்தில் ஏறி நிலத்தைப் பார்த்து, அளந்து, குறித்து, பெயர் போட்டு, சொந்தமாக்குவது. இது நில அளவையாளனின் பார்வை. இலங்கையில் நில அளவைத் திணைக்களம் தொடங்கியது 1800இல். அளவையாளர்கள் உச்சிகளில் கருவியை நிறுத்தி, முக்கோணம் முக்கோணமாகக் கோணம் அளந்துதான் நாட்டை வரைந்தார்கள். வரைந்ததைத் துண்டு போட்டு ஏக்கர் கணக்கில் விற்றார்கள்.

விற்பதற்கு முன்னால் ஒரு சட்டம் தேவைப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடு, தரிசு, ஆள் குடியிராத, பயிரிடாத நிலம் எல்லாம் முடிக்குச் சொந்தம், இல்லை என்றால் நிரூபி என்றது. கண்டிச் சிங்களக் கிராமத்து மக்கள் சேனைப் பயிர் செய்த, மாடு மேய்த்த, விறகு பொறுக்கிய நிலம் இப்படித்தான் 'வெறும் நிலம்' ஆனது. இதை நம்ம பக்கத்துக் கதையில் விட்டுவிடக் கூடாது. நமது பாட்டன்மார் கொண்டுவந்து இறக்கப்பட்ட மலை, இன்னொருவர் கையிலிருந்து பறித்த மலை. ஓபன் வேர்ல்ட் கேம்களுக்கும் 'வெறும் நிலம்' மேல் ஒரு மோகம் உண்டு. யாருமே இல்லாத அழகான நாடு, நீ வந்து கண்டுபிடிக்கவென்று காத்திருக்கிறது. இப்படி ஒரு நிலத்தை கேமில் பார்த்தால் எனக்கு அந்தச் சட்டம்தான் ஞாபகம் வரும்.

பெயர் விசயமும் அப்படித்தான். டன்சினேன், ஹோலிரூட், எடின்பரோ, அபொட்ஸ்ஃபோர்ட், ஸ்ட்ரத்ஸ்பே. ஸ்கொட்லாந்து வரைபடத்தைக் கிழித்து மலைநாட்டில் ஒட்டியது போல. ஆனால் வேலை செய்தவர்கள் வாயில் வேறு பெயர்கள் ஓடின. சிவனொளிபாதத்தின் அடிவாரத் தோட்டத்துக்கு ஆங்கில வரைபடத்தில் டல்ஹவுசி என்று பெயர். நாம் சொல்வது நல்லதண்ணி. ஒன்று எங்கோ இருக்கிற ஊரை நினைத்து வைத்தது. மற்றது தண்ணீரைக் குடித்துப் பார்த்து வைத்தது. 'ப்ரெத் ஒஃப் த வைல்ட்' கோபுரத்தை விட்டுவிடவில்லை, ஆனால் ஒரு சின்ன மாற்றம் செய்தது: கோபுரத்தில் ஏறினால் மேடு பள்ளம், ஆறு, இடப்பெயர் மட்டும்தான் கிடைக்கும். எங்கே என்ன இருக்கு என்பதை நீயே கண்ணால் பார்த்து, நீயே குறி போட வேண்டும். வரைபடத்தின் மேல் உன் கை படுகிறது. நல்லதண்ணி என்று பெயர் வைத்தவர்கள் செய்ததும் அதுதான்.

அதே கேமில் நூறு வருசத்துக்கு முன் அழிந்த ஒரு நாட்டின் இடிபாடுகள் எங்கும் கிடக்கும். உடைந்த மதில், கூரையில்லாத வீடு. யாரும் நின்று கதை சொல்வதில்லை. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றும் வருசங்களில் போய்ப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 1969இல் அணை கட்டி முடிந்தபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. வறட்சியில் நீர் இறங்கினால் சேற்றுக்கு நடுவே கோயிலும், விகாரையும், பள்ளிவாசலும் இருந்த இடங்கள் எழும்பி நிற்கும். சனம் போய்க் கும்பிட்டுவிட்டு வரும். மழை பெய்தால் மறுபடி மூடும். எந்த கேம் கலைஞனும் இதைவிட நல்ல இடிபாட்டைக் கற்பனை செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

சரி, 'ஓபன்' என்ற சொல்லுக்கு வருவோம். நம்ம வரலாற்றில் அந்தச் சொல்தான் உறுத்துகிறது. தோட்டம் திறந்த உலகம் இல்லை. 1865ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தச் சட்டப்படி சொல்லாமல் கொள்ளாமல் தோட்டத்தைவிட்டுப் போவது குற்றம், சிறைக்குப் போகலாம். அதோடு 'துண்டு' என்று ஒரு முறை. இந்த ஆள் இவ்வளவு கடன் வைத்திருக்கிறான், அதைக் கட்டினால் விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கிற சீட்டு. அது இல்லாமல் அடுத்த தோட்டத்தில் பேர் பதிய முடியாது. கடனோ கங்காணியிடம், ஊரிலிருந்து கிளம்பிய நாளிலேயே தொடங்கியது. ஆக, கண்ணுக்கு முன்னால் ஆயிரம் மலை தெரியும், ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குப் போக ஒரு துண்டுத் தாள் வேண்டும். 1921இல்தான் துண்டு ஒழிந்தது.

வெளியாள் உள்ளே வருவதும் லேசில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த பத்திரிகைக்காரர் கோ. நடேசய்யர், தோட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கப் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போனார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஸ்டெல்த் மிஷன் என்று நாம் கேமில் ஆடுவது இதுதானே! பிறகு அவர் 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் அமைத்தார், 1936இல் ஹட்டன் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்குப் போனார். அடுத்த வருசம், 1937இல், தோட்டத் தொழில் பழக வந்த பிரேஸ்கேர்டில் என்ற இளம் வெள்ளைக்காரர் நாவலப்பிட்டியில் மேடை ஏறித் தொழிலாளர் பக்கம் பேசினார். தேசாதிபதி அவரை நாடு கடத்த உத்தரவிட்டார். ஆள் தலைமறைவு. கடைசியில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்றது. தோட்டத்தின் எல்லையைத் தாண்டிப் பேசினால் வெள்ளைத் தோலுக்கும் காப்பு இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

அதனால்தான், நினைத்த திசையில் நடக்கலாம் என்று ஒரு கேம் சொல்லும்போது எனக்கு அது வெறும் பொழுதுபோக்காகப் படுவதில்லை. என் தலைமுறைக்கு விரல் நுனியில் கிடைக்கிற இந்த உரிமை, நாலு தலைமுறைக்கு முன்னால் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

நடையின் பாரத்தைச் சொல்ல ஒரு கேம் துணிந்தது. ஹிதேயோ கொஜிமாவின் 'டெத் ஸ்ட்ராண்டிங்', 2019. கதாநாயகன் செய்வது சுமை தூக்குவது. முதுகில் பெட்டிகள். மேட்டில் ஏறினால் சாய்வான், ஆற்றில் இறங்கினால் தடுமாறுவான், இடமும் வலமும் பாரத்தைச் சமன் செய்துகொண்டே நடக்க வேண்டும். வந்தபோது பலர் "இது கேமா, கூரியர் வேலையா?" என்று கிண்டலடித்தார்கள். சரிவில் கூடை நிறையக் கொழுந்தோடு மடுவத்துக்கு இறங்குகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் கிண்டலடிக்க மாட்டான். அந்த கேமில் இன்னொரு விசயம் இருக்கு. ஒரே வழியில் பலர் நடந்தால், முன்பின் தெரியாத ஆட்டக்காரர்கள்தான், அந்த இடத்தில் புல் தேய்ந்து ஒற்றையடிப் பாதை விழும். அடுத்து வருகிறவனுக்கு நடை லேசாகும். அதாவது குறுக்கு! கேம் வரலாற்றில் குறுக்கை முழுசாகப் புரிந்துகொண்டது இது ஒன்றுதான் என்பேன்.

தேயிலை மலையே ஓபன் வேர்ல்டுக்குள் வந்தும் விட்டது. போனிலேயே இலவசமாக ஆடக் கிடைக்கிற 'ஜென்ஷின் இம்பாக்ட்' 2024 தொடக்கத்தில் சென்யு பள்ளத்தாக்கு என்ற பகுதியைச் சேர்த்தது. சீனத்துத் தேயிலை நாட்டை வைத்துச் செய்தது, தேயிலைக்குப் பேர்போன கிராமமும் உண்டு. பார்க்க அப்படி ஒரு அழகு. அங்கே தேயிலை என்றால் மணம், கலை, விருந்து. நமக்குத் தேயிலை என்றால் முதலில் நிறை. இத்தனை கிலோ வந்தால் பேர், குறைந்தால் அரைப்பேர். அழகைப் பழிக்கவில்லை, அது அவர்கள் ஊர், அவர்கள் கதை. ஆனால் நம்ம மலையைப் பார்க்க வருகிறவர்களும் அந்தப் பச்சையை 'இயற்கை' என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்களே, அதுதான் எரிச்சல். ஒரு நிரை கூட இயற்கை இல்லை. கான் வெட்டியதும், கவ்வாத்து வெட்டியதும், வேலி கட்டியதும் கை. கேமிலும் ஒவ்வொரு புல்லும் யாரோ வைத்ததுதான். 2018இல் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' வரும் நேரத்தில், வாரத்துக்கு நூறு மணித்தியாலம் உழைத்தோம் என்று அதன் எழுத்தாளர்களில் ஒருவரான டேன் ஹவுசர் பெருமையாகச் சொல்லப்போக, அது வினையாகிப் போனது. எழுத்துக் குழுவில் நாலு பேர்தான் அப்படி என்று விளக்கம் வந்தது, பிறகு ஊழியர்கள் தங்கள் மேலதிக வேலையைப் பற்றி வெளியே பேசத் தொடங்கினார்கள். அந்த கேம் நிலக்காட்சியில் உச்சம், அதில் சந்தேகமில்லை. அழகான நிலத்தைக் கண்டால் யார் முதுகு வளைந்தது என்று கேட்பது நம்ம ஊர்ப் பழக்கம், அவ்வளவுதான்.

கடைசியாக வேகப் பயணம். வரைபடத்தில் தொட்டால் அங்கே போய் நிற்பது. வசதிதான், நானும் பாவிக்கிறேன். ஆனால் தூரத்தை அழித்தால் நிலத்தின் பாதி அழிகிறது. கோப்பிக் காலத்தில் நம்மவர்கள் மன்னாரில் கரையேறி, காட்டு வழியே மாத்தளை வரை கிட்டத்தட்ட 150 மைல் நடந்தார்கள். கொலராவும் காய்ச்சலும் வழியெல்லாம் ஆட்களைத் தின்றன. பிறகு அந்த நடை நின்றது, பாதையும் மறந்தது. 1914இல் தலைமன்னாருக்கு ரயிலும் தனுஷ்கோடியிலிருந்து கப்பலும் வந்தன. 1948இல் பிரஜாவுரிமை பறிபோய், 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று தலைகளை எண்ணிப் பிரித்தபோது, அதே ரயில் ஹட்டனிலிருந்து எதிர்த் திசையில் ஓடியது. 2023இல், வந்து 200 வருசம் என்று, ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு கூட்டம் நடந்து போனது. பஸ்ஸில் போனால் ஒரே நாளில் முடிகிற பயணம். பதினாறு நாள் நடந்தார்கள். வேகப் பயணத்தை வேண்டாம் என்று வைத்து ஆடுகிற ஆட்டக்காரனுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

தமிழ் வீட்டுச் சமையலறை கேமுக்குள் வந்துவிட்டது. டொரோண்டோவில் செய்த 'வெண்பா' 2023இல் வெளிவந்து, அடுத்த வருசம் பாஃப்டா விருதும் வாங்கியது. தோசையும் பிரியாணியும் வைத்து ஒரு குடும்பத்தின் புலம்பெயர்வைச் சொன்ன சின்ன கேம். மலைநாட்டை வைத்து ஒரு ஓபன் வேர்ல்ட் செய்ய நூறு கோடி வேண்டாம். கோடோ என்ற கேம் எஞ்சின் இலவசம், சாதாரண லேப்டொப்பில் ஓடும். பெரிய மேப் வேண்டாம், ஒரு தோட்டம் போதும்: மேட்டு லயம், பணிய லயம், ஸ்டோர், பங்களா, கோயில், பீலி. வரைபடத்தில் ஸ்கொட்லாந்துப் பெயர் மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு மலைக்கும் ஆட்கள் வாயில் என்ன பெயர் என்பதை ஆடுகிறவன் பேசிப் பேசிச் சேர்க்கட்டும். நம்பர் வீடு கிடையாது, கடிதம் எல்லாம் தோட்ட ஒபீசுக்குத்தான் வரும், அங்கிருந்து யார் வீடு எது என்று அவனே தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். மூட்டம் இறங்கினால் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியக் கூடாது. ரோட்டில் போனால் இருட்டிவிட வேண்டும்.

அதற்கு முதல் வேலை கம்ப்யூட்டரில் இல்லை. உங்கள் தோட்டத்தில் எத்தனை குறுக்கு இருக்கு, எது எங்கே போகும், எதை இப்போது காடு மூடிவிட்டது என்று அம்மாயியிடம் உட்கார்ந்து கேட்டு ஒரு கொப்பியில் வரைய வேண்டும். எங்கள் குழுவில் மூன்று பேர் தொடங்கியிருக்கிறோம். இதுவரை பதினொரு குறுக்கு. அதில் இரண்டைப் பற்றி ஒரே லயத்தில் இரண்டு பாட்டிமார் ஒத்துவரவில்லை, சண்டை இன்னும் முடியவில்லை.